பேட் துவாரகைத் தளிகை

வலது கை கரண்டியைப் பிடித்திருந்தது. இடது கை ஈரத்துணியால் உருளியின் விளிம்பை அழுத்திக்கொண்டிருந்தது. கரண்டி அடியைத் தொட்டு, ஓரமாகச் சுற்றி, நடுவில் எழுந்து, மறுபடி அடிக்கு இறங்கியது. பாலில் வெந்துகொண்டிருந்த அரிசியும் பயத்தம்பருப்பும் இன்னும் தனித்தனியாகத் தெரிந்தன. இது அரிசி, இது பருப்பு என்று சொல்ல முடியாதபடி இரண்டும் குழைகிறவரை அந்தக் கை நிற்கக் கூடாது. நின்றால் அடி பிடிக்கும். தீய்ந்த வாசனை ஒரு தடவை பாலில் ஏறிவிட்டால் எவ்வளவு நெய் ஊற்றினாலும், எவ்வளவு பச்சைக் கற்பூரம் போட்டாலும் இறங்காது. வெல்லத்தை அவசரப்பட்டுச் சேர்த்தாலோ பால் திரிந்துபோகும். விரல் முட்டிகளில் பழைய சூட்டுத் தழும்புகள் வெள்ளை வெள்ளையாக இருந்தன. அந்தக் கைக்கு எல்லாம் தெரியும். அது தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

தர்மசாலையின் பின்கட்டில் இருந்தது அந்தச் சமையலறை. ஒரு கதவு முன்கூடத்துக்கு, இன்னொன்று கிணற்றடிக்கும் அதைத் தாண்டி மீனவர் சந்துக்கும். சந்தின் முடிவில் கடல். கருவாட்டு வாசனையும் டீசல் வாசனையும் காற்றோடு மாறி மாறி வந்தன. காற்று அடுப்பை அணைத்துவிடாமலிருக்க வெளியே பச்சையப்பன் ஒரு தகரத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தான். சித்தூர்க்காரன். யாத்திரைக்கு வரும் கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, பெட்டி படுக்கை எல்லாம் அவன் பொறுப்பு.

"இன்னா காத்து சாமி இது! மனுசனையே தூக்கிக்கினு போவும் போலக்குது. நம்மூர்ல மாசி மாசத்துல ஒரு எலை ஆடுமா?"

"பேசிண்டே நிக்காதே. தகரத்தை இன்னும் கொஞ்சம் சாய்ச்சு வை. வாசப்படியைத் தாண்டாதே."

"தாண்டல சாமி. எத்தினி வருசமா உங்ககூட வரேன், கோடு எங்க கீதுன்னு எனக்குத் தெரியாதா?"

"சரி சரி. தெருமுனையை ஒரு கண் பாத்துக்கோ. மத்தியானத்துக்குத்தான் வருவா. இருந்தாலும் பாத்துக்கோ."

"பாத்துக்கினுதான் கீறேன். காலைலருந்து இதையே சொல்றீங்க."

கரண்டி சுற்றிக்கொண்டிருந்தது.

திருப்பதியில் கோவிந்தராஜர் சன்னிதியைச் சுற்றியுள்ள வீடுகளில் தேசிகனைத் தெரியாதவர்கள் குறைவு. திவசமானாலும் சீமந்தமானாலும் தளிகைக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். சமையல் என்ற சொல் அந்த வீடுகளில் கிடையாது; பெருமாளுக்கென்று பண்ணுவதால் தளிகை. அவருக்கு யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. பத்தாவது தேறாமல் போன வருஷம், கல்யாண வீடுகளில் பாத்திரம் தூக்குகிற வேலைக்குப் போனார். கோட்டையடுப்புக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். வீட்டுக்கு வந்து அதையே சின்ன அளவில் செய்து கெடுத்தார். கெட்டது ஏன் கெட்டது என்று மறுநாள் முழுக்க யோசித்தார். புளியோதரையில் எண்ணெய் எப்போது பிரியும், பருப்பு எந்தத் தண்ணீரில் வேகாது, வெல்லப்பாகில் மண் எங்கே தங்கும் என்பதெல்லாம் அப்படித்தான் வந்து சேர்ந்தன.

ஆனால் அவரைத் தேடி வந்தவர்கள் ருசிக்காக மட்டும் வரவில்லை. மடிக்காக வந்தார்கள். குளித்துவிட்டு, யாரும் தொடாமல் தனியாக உலர்த்திய வேஷ்டியைக் கட்டிக்கொண்டு தேசிகன் அடுப்படிக்குள் நுழைந்தால், தளிகை முடிகிறவரை மனிதர்களையோ மற்றத் துணிமணியையோ தொட மாட்டார். தொட்டால் விழுப்பு. மறுபடி குளித்துவிட்டுத்தான் கரண்டியை எடுப்பார். ஒரு தடவை அலிபிரியில் ஒரு சத்திரத்தில் காய்ச்சலோடு தளிகை பண்ணியபோது, மயங்கப்போனவரைத் தாங்கிப் பிடித்தவனை நன்றியோடு கும்பிட்டுவிட்டு, நடுங்கிக்கொண்டே போய்க் குளித்துவிட்டு வந்தார். அதை ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அவரும் பெருமையாகத்தான் கேட்டுக்கொள்வார்.

வெளியில் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காத பெரியவர்கள் தேசிகன் வருகிறார் என்றால் பயமில்லாமல் யாத்திரை கிளம்பினார்கள். அப்படித்தான் அவர் பூரி பார்த்தார், ராமேஸ்வரம் பார்த்தார், சோமநாதம், போர்பந்தர், துவாரகை எல்லாம் பார்த்தார். பார்த்தார் என்பது பேச்சுக்கு. ஒவ்வொரு ஊரிலும் அவருக்குத் தெரிந்தது பின்வாசல்தான். தண்ணீர் உப்பா, நல்லதா. பால் பசுவா, எருமையா. காற்று எந்தப் பக்கமிருந்து அடுப்பைத் தாக்கும். இந்தத் தடவை டையூ தீவில் பஸ் நின்றபோது எல்லோரும் கோட்டையைப் பார்க்கப் போனார்கள். இவர் கறிவேப்பிலை தேடிக்கொண்டு சந்தைக்குப் போனார். வெள்ளைச் சுவர்களும் நீலக் கதவுகளுமாக, சுற்றிலும் கடலாக இருந்த அந்த ஊரைப் பற்றி மனைவி வஸுமதி போனில் கேட்டபோது, "கறிவேப்பிலை கிடைக்கலை" என்றார்.

அவர்களுக்கு ஒரே பெண், விஷ்ணுப்ரியா. திருப்பதியில் எம்.எஸ்ஸி. முடித்து, சித்தூரில் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுத்தாள். அங்கே ஹரிபாபுவைக் கண்டாள். குப்பத்துக்குப் பக்கத்தில் குடுபல்லி அவன் ஊர். கல்குவாரியில் வேலை செய்கிற தெலுங்குக் குடும்பம். நல்ல பையன் என்று வஸுமதி சொன்னாள். நல்ல பையனாகவே இருக்கட்டும், அதனால் என்ன என்றார் தேசிகன். சித்தூரில் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் நடந்த அன்று அவருடைய அக்கா கறாராகச் சொன்னாள்: "இனிமே உன்னை எவன் ஆத்துல திவசத்துக்குக் கூப்பிடுவான்? தலைமுழுகிடு."

மொட்டைமாடிக் குழாயடியில், கட்டிய வேஷ்டியோடு நின்று, சாவுச் செய்தி கேட்டவர்கள் செய்வதுபோல், தலையோடு தண்ணீரை ஊற்றிக்கொண்டார் தேசிகன். அக்கா அதை போனில் படமெடுத்தாள். உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினாள். யாரோ ப்ரியாவுக்கும் அனுப்பிவிட்டார்கள்.

அதோடு நின்றது பேச்சு. ஹரிபாபுவுக்கு ஓகா பக்கத்தில் ஒரு ரசாயன ஆலையில் எலக்ட்ரிகல் வேலை கிடைத்து அவர்கள் குஜராத்துக்குப் போனார்கள். யஸ்வந்த் பிறந்தான். வஸுமதிக்கு யாரோ காட்டிய போட்டோவில்தான் பேரன் தெரிந்தான். தேசிகன் அந்த போட்டோவை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அதற்கப்புறம் துவாரகை யாத்திரை என்று யார் சொன்னாலும் முதல் ஆளாகப் பேர் கொடுத்தார். வந்தார், ஓகாவைத் தாண்டிப் படகில் இந்தப் பேட் துவாரகைத் தீவுக்கு வந்தார், தளிகை பண்ணினார், போனார். அவள் வீடு எங்கே என்று யாரையும் கேட்டதில்லை.

இந்த வருஷம் கேட்டே ஆகவேண்டியிருந்தது. வஸுமதிக்கு இருதய வால்வு கெட்டுப்போய்விட்டது. அடுத்த மாதம் ஆபரேஷன். டாக்டர் எதையும் மறைக்கவில்லை. வயசும் சர்க்கரையும் சேர்ந்திருப்பதால் பாதிக்குப் பாதி என்றார். "அதுக்கு முன்னாடி அவளை ஒரு தடவை பாத்துடணும். குழந்தையை மடில வச்சுக்கணும். அப்புறம் கத்தி வைக்கட்டும்" என்றாள் வஸுமதி. அவளே நம்பர் தேடிப் பிடித்து மகளுக்கு எழுதினாள். பதில் ஒரு வரியில் வந்தது. அப்பா தன் வாயால் கூப்பிட்டால் வருகிறேன்.

போனில் கூப்பிட்டிருக்கலாம். ரேணிகுண்டாவில் ரயில் ஏறுகிற வரைக்கும் வஸுமதி அதைத்தான் சொன்னாள். அவருக்கு போனில் வார்த்தை வராது. நேரில் கேட்கிறேன் என்றார். ரயில் போகப் போக அந்த வாக்கியத்தை மனசுக்குள் சரிபண்ணிக்கொண்டே வந்தார். 'அம்மாவைப் பாக்க ஆத்துக்கு வாடி. குழந்தையையும் கூட்டிண்டு வா. மாப்பிள்ளையும் வரட்டும்.' மாப்பிள்ளை என்ற சொல் சேர்ந்தது அகமதாபாத் தாண்டிய பிறகு.

யாத்திரையை நடத்துகிற பார்த்தாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். பார்த்தாவுக்கு நாற்பது வயதுக்குள்தான்; நல்லவன். "பேஷா வரட்டும் மாமா. ஆனா தளிகை முடிஞ்சு, பெரியவாள்ளாம் அமுது பண்ணி எழுந்துக்கட்டும். அதுக்கப்புறம் பின்னாடி உக்காந்து எத்தனை நாழி வேணா பேசுங்கோ. முன்னாடி வேண்டாம். யாராவது ஏதாவது கேட்டு, அது வேற வம்பாகும்" என்றான். அதன்படி மத்தியானம் வரச் சொல்லி வஸுமதி எழுதினாள். சரி என்று பதில் வந்தது.

அதனால்தான் அன்றைக்கு அக்காரவடிசல். திட்டத்தில் அது இல்லை. சர்க்கரைப் பொங்கல் போதும் என்றுதான் பார்த்தா சொல்லியிருந்தான். கூடமாட இருக்கவேண்டிய உதவி ஆள் காய்ச்சலில் அகமதாபாத்திலேயே தங்கிவிட்டதால், கோஷ்டி மொத்தத்துக்கும் இவர் ஒருவர்தான். இருந்தும் தேசிகன் பிடிவாதமாக இதை எடுத்துக்கொண்டார். ப்ரியா சின்ன வயதில் உருளியின் ஓரத்தில் ஒட்டியிருப்பதை வழித்துச் சாப்பிடுவாள்.

பால் ஜைனப்பிடம் வாங்கினது. சந்தில் மூன்றாவது வீடு, புருஷன் படகுக்காரன். பல வருஷப் பழக்கத்தில் அவளுக்கு இவருடைய சட்டம் தெரியும். தூக்குவாளியை உயரத் தூக்கி, பாத்திரத்தில் படாமல் ஊற்றுவாள். முன்பெல்லாம் ஊற்றிக்கொண்டே சிரிப்பாள். இந்த வருஷம் சிரிக்கவில்லை. ஓகாவிலிருந்து தீவுக்குக் கடல்மேல் பெரிய பாலம் வந்துவிட்டது. யாத்திரிகர்கள் காரிலும் பஸ்ஸிலும் நேரே கோயில் வாசலில் இறங்கி, சேவித்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். அவள் புருஷனின் படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது; அதன் நிழலில் ஆடுகள் படுத்திருந்தன. பையன்கள் இருவரும் போர்பந்தருக்கு மீன்பிடி விசைப்படகில் கூலிக்குப் போய்விட்டார்கள். இந்தியில் அவள் சொன்னதில் பாதிதான் தேசிகனுக்குப் புரிந்தது. பாலத்தைக் கையால் காட்டி, பிறகு கையை விரித்தாள். அது புரிந்தது.

"பாலம் பூரா சுலோகம் எழுதி வச்சிக்கீறாங்க சாமி. ஒண்ணு படிக்கறதுக்குள்ள பஸ்ஸு அடுத்த கரைக்குப் போயிடுது. இந்தம்மா ஊட்டுக்காரு படகுல வந்தா முழுசா படிச்சிருக்கலாம்" என்றான் பச்சையப்பன். அதை ஜைனப்புக்கு இந்தியில் சொல்லவும் முயன்றான். அவள் வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

எருமைப் பால் கெட்டி. சீக்கிரம் அடியில் உட்காரும். அரிசி இப்போதுதான் உடையத் தொடங்கியிருந்தது. முன்கூடத்தில் பாராயணம் கடைசிப் பத்துப் பாசுரங்களுக்கு வந்துவிட்டது குரல்களின் வேகத்திலேயே தெரிந்தது. வெல்லப்பாகு வடிகட்டித் தயாராக இருந்தது. இன்னும் கொஞ்சம் குழைய வேண்டும். அப்போதுதான் பச்சையப்பன் தகரத்தைக் கீழே போட்டான்.

"சாமி! ஆட்டோ நிக்குது. பொம்பள ஒண்ணு, கூட ஒரு குயந்தை. நம்மூரு மூஞ்சி சாமி. வந்துட்டாங்க!"

மத்தியானம் ஆக இன்னும் நேரமிருந்தது.

கரண்டியை உருளியின் மேல் வைத்துவிட்டு, அடுப்பைத் தணித்துவிட்டுத் தேசிகன் பின்வாசலுக்கு வந்தார். கிணற்றுக்கு அந்தப்பக்கம் ப்ரியா நின்றுகொண்டிருந்தாள். உடம்பு இளைத்து, கன்னத்து எலும்பு தெரிந்தது. காற்றில் துப்பட்டாவைப் பிடித்துக்கொள்ள ஒரு கை, பையனைப் பிடித்துக்கொள்ள ஒரு கை.

"அவருக்கு ஷிப்ட் மாறிடுத்து. ஆட்டோ இப்போதான் கிடைச்சுது. அதான் சீக்கிரமே வந்துட்டேன்" என்றாள். பிறகு அவர் வேஷ்டியைப் பார்த்து, "மடியா இருக்கேளா? பரவால்லப்பா, நான் இங்கயே நிக்கறேன்" என்றாள்.

அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் வளர்ந்தவள். அவள் குரலில் கோபமே இல்லை. வாக்கியம் தேசிகனின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

அதற்குள் குழந்தை ஓடிவிட்டான். அவனுக்குக் கோடு தெரியாது. "தாத்தா!" என்று கத்திக்கொண்டு கிணற்றைச் சுற்றி வந்து, இரண்டு கையாலும் அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டான். தேசிகன் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. குனிந்து அவனைத் தூக்கினார். கன்னத்தோடு கன்னம் வைத்தார். பையனிடம் பவுடர் வாசனையும் பிஸ்கட் வாசனையும் அடித்தது. "யஸ்வந்த், என் கண்ணே, யஸ்வந்த்" என்றார். ப்ரியா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். பச்சையப்பன் வேறுபக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினான்.

"மாமா!" முன்கூடத்திலிருந்து பார்த்தாவின் குரல் வந்தது. "பாராயணம் முடிஞ்சு சாத்துமுறை ஆயிடுத்து. தளிகை எந்த மட்டுல இருக்கு?"

"இதோ ஆச்சு!" என்று தேசிகன் குரல் கொடுத்தார். குழந்தையை மெல்லக் கீழே இறக்கினார். "செத்த இரும்மா. இதோ வந்துட்டேன். முடிச்சுட்டு உக்காந்து பேசலாம்" என்று மகளிடம் சொன்னார். சொல்லிக்கொண்டே கிணற்றடிக்குப் போனார். வாளியில் தண்ணீர் இருந்தது. செம்பை முக்கித் தலையோடு ஊற்றிக்கொண்டார். இன்னொரு செம்பு. இன்னொன்று. உப்புத் தண்ணீர் கண்ணில் எரிந்தது. வாய் தன்பாட்டுக்குக் கோவிந்தா கோவிந்தா என்றது. கட்டிய வேஷ்டியோடு, சொட்டச் சொட்ட, அடுப்படிக்கு விரைந்தார். சீக்கிரம் முடிக்க வேண்டும், சீக்கிரம் முடித்துவிட்டு அவர்களோடு உட்கார வேண்டும் என்பதைத் தவிர வேறெந்த நினைப்பும் இல்லை.

கரண்டியை எடுத்த பிறகுதான் பின்வாசலைப் பார்த்தார்.

ப்ரியாவின் முகத்தில் ரத்தம் இல்லை. குழந்தை கிணற்றடி ஈரத்தையும் தன் கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் அம்மாவிடம் நீட்டி, தெலுங்கில் கேட்டான்: "அம்மா, நான் சோப்புப் போட்டுக் கை கழுவிண்டுதானே வந்தேன்? தாத்தா ஏன் குளிச்சார்?"

அவள் அந்தக் கைகளை எடுத்துத் தன் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"ப்ரியா, இது அது இல்லடி" என்றார் தேசிகன். "தளிகை பாதில இருக்கு. அவ்வளவு பேரும் பட்டினியோட காத்துண்டிருக்கா. மடிக்காகத்தான்..."

"தெரியும்ப்பா." அவள் குரல் உயரவில்லை. "எனக்குத் தெரியும். அத்தை எடுத்த வீடியோவை நான் இன்னும் வச்சிருக்கேன். அதுலயும் இப்படித்தான், மூணு செம்பு, கண்ணை மூடிண்டு. ஆனா அது வேற, இது வேற. எனக்கு வித்தியாசம் தெரியும். இவனுக்கு எப்படிச் சொல்வேன்?"

"குழந்தைதானே. மறந்துடுவான்."

"நான் மறக்கலையே."

பால் கொப்புளம் விட்டது. அவர் கை தானாகக் கரண்டியைச் சுற்றியது. அவள் அதைப் பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் அம்மாவைப் பாக்க வரேன்னு வச்சுக்கோங்கோ. நீங்க அங்கயும் பெருமாள் திருவாராதனத்துல இருப்பேள், தளிகைல இருப்பேள். இவன் ஓடி வந்து தொடுவான். அப்போ என்ன பண்ணுவேள்?"

தேசிகன் வாயைத் திறந்தார். குளிக்கமாட்டேன் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிடலாம். சொன்னால் அவள் வருவாள். அவள் முகமே அதற்காகக் காத்திருந்தது. ஆனால் தளிகை விஷயத்தில் இன்றுவரை அவர் பொய் சொன்னதில்லை. புளிப்பு கூடினால் கூடினது என்பார், உப்பு மறந்தால் மறந்தது என்பார். யஸ்வந்த் ஓடி வருகிறான், கட்டிக்கொள்கிறான், தன் கால்கள் குழாயடிக்குப் போகின்றன. கண்ணெதிரே தெரிந்தது. இப்போதும் அவர் நினைத்துப் போகவில்லையே, கால்கள்தானே போயின.

"மாமா, இலை போட்டாச்சு!"

"என்னால..." என்று ஆரம்பித்தார். அதற்குமேல் வரவில்லை. ரயில் நெடுகச் சரிபண்ணிக்கொண்டு வந்த வாக்கியத்தைத் தேடினார். 'அம்மாவைப் பாக்க' என்பதற்கு அடுத்த வார்த்தை அகப்படவில்லை.

"நீங்க பண்ணுங்கோப்பா. அடி பிடிச்சுடும்" என்றாள் ப்ரியா. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பச்சையப்பனைப் பார்த்து, "அண்ணா, நான் வந்தேன்னு அம்மாக்குத் தெரிய வேண்டாம்" என்றாள். கிணற்றடி ஈரத்தில் கால் வைக்காமல் சுற்றிக்கொண்டு நடந்தாள். அம்மாவின் தோள்மேலிருந்து குழந்தை கையை ஆட்டினான். தேசிகன் கரண்டியைப் பிடித்த கையால் திருப்பி ஆட்ட முடியவில்லை. இடது கையைத் தூக்குவதற்குள் அவர்கள் சந்து திரும்பிவிட்டார்கள்.

பச்சையப்பன் வாசப்படியருகே வந்து நின்றான்.

"ஓடு சாமி. ஆட்டோ கெளம்பறதுக்குள்ள ஓடு. நான் நெருப்ப அணைக்கறேன்."

"அணைச்சா பால் கெட்டுடும்."

"கெட்டா கெட்டுப் போவுது! ஒரு நாளு இவங்க தயிர்சாதம் துன்னா செத்தா பூடுவாங்க? வோணும்னா நான் கூட்டியாறேன், நிக்க வைக்கிறேன். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

"என்ன சொல்லச் சொல்றே?"

ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. பச்சையப்பன் தலையில் அடித்துக்கொண்டான். "குயந்தை உங்களத் தொட்டத இங்க யாரு சாமி பாத்தாங்க? நான் ஒருத்தன். நான் இன்னா போய்ச் சொல்லப்போறனா? அப்டியே வந்து கரண்டியப் புடிச்சிருந்தா பெருமாளு வந்து கேக்கவா போறாரு?"

அப்படி ஒரு வழி இருந்தது என்பதே தேசிகனுக்கு அப்போதுதான் தெரிந்தது. தோன்றியிருந்தால் ஒருவேளை யோசித்திருப்பார். யோசித்திருந்தால் நின்றிருப்பார். நின்றிருந்தால் அவள் இப்போது அந்தக் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பாள். ஈர வேஷ்டி காற்றில் காலோடு ஒட்டிக்கொண்டது. கை கரண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

அரிசி இப்போது குழைந்துவிட்டிருந்தது. உருளியை அடுப்பிலிருந்து இறக்கி, சூடு சற்று அடங்கப் பொறுத்தார். இதை மட்டும் யார் அவசரப்படுத்தினாலும் அவர் கேட்டதில்லை. பிறகு வெல்லப்பாகை நூல்போல விட்டுக் கிளறினார். பால் திரியவில்லை. நிறம் மெல்ல மாறி வந்தது. நெய்யை உருக்கி ஊற்றினார். முந்திரியும் திராட்சையும் போட்டார். குங்குமப்பூவைப் பாலில் கரைத்து விட்டார். பச்சைக் கற்பூரத்தை நகக்கண் அளவு எடுத்து, விரல்களுக்கிடையே பொடித்துத் தூவினார். எதுவும் கூடவில்லை, எதுவும் குறையவில்லை. இவ்வளவு நன்றாக அது அமைந்து நெடுநாளாயிற்று. ஓரத்தில் ஒட்டியிருந்ததை வழிக்கக் கரண்டி தானாகப் போயிற்று, நிறுத்திக்கொண்டார்.

வெளியே ஆணியில் தொங்கிய பைக்குள் அவருடைய போன் அடித்தது. பச்சையப்பன் எடுத்துப் பார்த்தான்.

"ஊட்டம்மா கூப்புடுது சாமி."

தேசிகன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"எடுத்து உங்க காதுகிட்ட புடிக்கறேன். உங்க மேல படாம புடிக்கறேன். பேசுங்க."

"வேண்டாம்."

"வந்தாங்களான்னு கேக்கத்தான் கூப்புடுது. அது பாவம், இருதயக் கோளாறு வேற. இன்னா சொல்லட்டும் நான்?"

"தளிகைல இருக்கார்னு சொல்லு."

பச்சையப்பன் அதைச் சொல்லவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அது அடித்து ஓய்ந்தது. சிறிது நேரத்தில் மறுபடி அடிக்க ஆரம்பித்தது.

முன்கூடத்துக் கதவைத் திறந்துகொண்டு பார்த்தா வந்தான். அவனும் மடிதான், ஈரம் காயாத வேஷ்டியில், நெற்றியில் திருமண் பளிச்சென்றிருந்தது. உள்ளே வந்ததும் வாசனையை இழுத்துப் பார்த்துவிட்டு நின்றான்.

"அடடா. அக்காரவடிசலா? சர்க்கரைப் பொங்கல்னு நினைச்சுண்டிருந்தேன். பெரியவாள்ளாம் அசந்துடப்போறா." தேசிகனின் சொட்டும் தலையைப் பார்த்தான். கிணற்றடியைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "மத்தியானம் வராளோன்னோ, பொண்ணு?" என்று கேட்டான்.

"தளிகை ஆயிடுத்து" என்றார் தேசிகன். "பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணலாம்."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. உருளியின் இரண்டு பக்கத்தையும் ஈரத்துணியால் பிடித்துத் தூக்கினார். பார்த்தா கைகளை நீட்டினான். கனம் அவன் கைக்கு முழுதாக மாறுகிறவரை பிடித்திருந்து, பிறகு விட்டார்.